திரும்பிப் பார்க்காத தேசம்

ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்ப வேண்டாம். திரும்புகிற பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே.

நாடு பிறந்து தவழக்கூட ஆரம்பிக்காத நேரத்தில், சீர்காழிக்குக் கிழக்கே பரங்கிமூலை வாய்க்கால் மதகின் மேல் நின்று, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினவர் நீங்கள். எங்கள் ஊரை நடுத்தெருவில், அதுவும் வெளிநாட்டு நடுத்தெருவில், நிறுத்திவிட்டுப் போனவர் நீங்கள். பெயரை எழுத மாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனுஷர், பேத்தி பார்த்துவிட்டால் வெட்கமாயிருக்கும். படிக்கிறபோது உங்களுக்கே காது சுடும், அது போதும்.

நான் யார் என்று கேட்பீர்கள். மாட்டுத் தரகு மருதையன். திருவையாற்றிலிருந்து சீர்காழி வரைக்கும் எந்தச் சந்தையிலும் கேட்டுப் பாருங்கள், மாடுகளே சொல்லும். நான் படித்ததெல்லாம் துண்டுக்கடியில். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் சேர்ந்திருக்க, மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவோம். உள்ளே விரல்கள் விலை பேசும். வெளியே வாய்கள் மழையைப் பற்றிப் பேசும். இந்தப் படிப்புக்கு நான் கட்டின முதல் சம்பளம் ஒரு கிழட்டு எருது. இளங்காளை என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வருகிற வழியில் அது உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் நானும் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு என்னை ஏமாற்றின ஆள் இந்த ஜில்லாவில் இல்லை, உங்களைத் தவிர.

பரங்கிமூலையின் பூர்வோத்தரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், சட்டப்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ராஜா ஒருவருக்கு, நோர்மார்க் என்கிற பனி நாட்டுக் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ராஜா சந்தோஷப்பட்டு நாற்பது வேலி நஞ்சையோடு ஒரு ஊரை எழுதிக் கொடுத்தார். கடிகாரம் அந்த ஆடிக் காற்றிலேயே நின்று போயிற்று. ஊர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி கலைந்தது, வெள்ளைக்காரன் வந்தான், போனான். பரங்கிமூலை மட்டும் நோர்மார்க் ராஜாவின் சொத்தாகவே கிடந்தது. அவருக்கு அரண்மனைக் கூரை ஒழுக ஆரம்பித்தபோது எங்கள் ஞாபகம் வந்தது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். புதிதாகப் பிறந்த பாரத தேசத்துக்குத்தான் முதல் உரிமை என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

தேசம் உங்களை அனுப்பியது. ஏன் உங்களை? நீங்கள் தஞ்சாவூர்க்காரர். உங்கள் தாயார் கீழவாசலில் கத்தரிக்காய் வாங்கும்போது பை தூக்கின பிள்ளை. சொன்ன விலைக்கு வாங்கினால் சோறு தொண்டையில் இறங்காத குடும்பம். டெல்லிக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

ஸ்டேஷனிலிருந்து உங்களை ஏற்றி வந்த மாட்டு வண்டி என்னுடையது. எனக்கு அப்போது மீசை முளைத்த புதிது. மதகு பக்கத்தில் கீற்றுப் பந்தல். உள்ளே நோர்மார்க் தூதர், பனைமரம் மாதிரி மனுஷர். கப்பலில் வரும்போதே தமிழ் படித்தவராம்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் அரசர் கேட்கும் விலை இதுவே" என்று சொன்னார்.

என் வண்டி மாட்டின் வாயிலிருந்து வைக்கோல் நழுவிக் கீழே விழுந்தது. அவ்வளவு மலிவு.

நீங்கள் என்ன செய்தீர்கள்? வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டீர்கள். "வேண்டாம்" என்றீர்கள். தோல் பையைத் தூக்கினீர்கள். விறுவிறுவென்று மதகைப் பார்த்து நடந்தீர்கள். கடைத்தெருவில் இது எல்லோரும் செய்கிறதுதான். பத்தடி நடந்தால் கடைக்காரர், "அம்மா, இங்க வாங்க, கேக்குற விலையைச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார். அந்த நம்பிக்கையில் ஒரு தேசத்தின் வெளிவிவகாரம் நடந்துபோயிற்று. உங்கள் டவாலிச் சேவகன் நடராசன் பின்னால் ஓடினான். அவனுக்குப் பின்னால் நான்.

மதகில் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பிடித்தீர்கள்.

"நடராசா, கூப்பிடுறானா?"

"இல்லீங்க."

"திரும்பாதே! திரும்பினா விலை ஏறிடும். பாக்காம சொல்லு."

"பாக்காம எப்படிங்க சொல்றது?"

"காதால பாரு."

"கார் சத்தம் கேக்குதுங்க."

"கிட்ட வருதா?"

"தூரப் போகுதுங்க."

"போற மாதிரி போவான். எங்க போயிடுவான்?"

அவர் நோர்மார்க்குக்குப் போய்விட்டார், ஐயா. அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். "ஓடிப்போயி அவரை நிறுத்தட்டுங்களா?" என்று நான் கேட்டேன். நீங்கள் நிமிராமல், "வண்டிக்காரன் வண்டியைப் பாத்தா போதும்" என்றீர்கள். பொழுது சாய்கிறவரை அந்தக் கயிற்றைக் கட்டினீர்கள். பிறகு ரயில் ஏறினீர்கள். போனது ஊர் மட்டும்தான். விறைப்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அது கொள்கையாகிவிட்டது. பரங்கிமூலையை ஏன் வாங்கவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "மறுத்ததாகக் கொள்ள வேண்டாம். நடந்துகொண்டிருக்கிறோம். அவர்கள் கூப்பிட்டதும் தக்க மேல்நடவடிக்கை எடுக்கப்படும்." மந்திரிகள் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள், வருகிறவரெல்லாம் முந்தினவர் விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள். பரங்கிமூலைப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை, முகத்தைப் பார்த்து ஆசையைத் தெரிந்துகொள்வார்கள் என்று.

நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் ஆனோம். கோமணம் கட்டின வெளிநாட்டுக்காரர்கள். வாய்க்காலுக்கு அக்கரை நாங்கள், இக்கரை இந்தியா, நடுவே உங்கள் மதகு. கோழி திருடினவன் மதகின் பாதியைத் தாண்டிவிட்டால் போலீஸ்காரர் இந்தப் பக்கம் நின்று வெற்றிலை கேட்பார், அவனும் கொடுப்பான். நான் ஒரு காளையை இக்கரைச் சந்தைக்கு ஓட்டினால் அது ஏற்றுமதி. விலை படியாமல் திரும்ப ஓட்டி வந்தால் இறக்குமதி. நடுவில் அது சாணி போட்டால் யாருடையது என்று இரண்டு குமாஸ்தாக்கள் சண்டை போட்டார்கள். அள்ளிக்கொண்டு போனவள் என் சம்சாரம் அம்சம்.

தண்ணீர்தான் பெரிய கூத்து. மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரும். மதகுப் பலகையைத் தூக்குகிற லஸ்கர் ஜெக்கரியா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"மருதையா, உள்ளூருக்கு விடச் சொல்லு, விடுறேன். அயல்நாட்டுக்குக் காவேரியை விட எனக்கு அதிகாரம் கிடையாது. அதுக்கு ராஜாவும் ராஜாவும் கையெழுத்துப் போடணும்."

"நாத்து கருகுதுங்களே!"

"அதுக்குத்தான் பலகையில ஓட்டை இருக்கு. ஒழுகுறதுக்கு நான் பொறுப்பில்ல. ஒழுக்கு அரசாங்கக் கணக்குல வராது."

அந்த ஓட்டையை ஊரே சேர்ந்து கடப்பாரையால் பராமரித்துவந்தோம். அதில்தான் நாற்பது வேலியும் விளைந்தது.

பிறகு மெட்ராஸில் ஆட்சி மாறியது. மேளம் அடித்தோம். ஓட்டுப் போட முடியாதென்றாலும் கொடி கட்டினோம். தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், நாற்காலி அதே நாற்காலிதான். ஆபீசில் காலை முதல் மாலை வரை அடுக்குமொழி. ஆளுக்கு ஆள் பொன்னாடை போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் அந்தச் சரிகைக்குள் வெந்துகொண்டே சிரித்தார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். உழைக்கிறவனுக்கு 'வாங்க' என்ற வார்த்தை கிடைத்தது அப்போதுதான். சட்டமும் வந்தது. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கர், மிச்சம் அரசாங்கத்துக்கு. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம்.

இக்கரையில் இருக்கிற என் கொழுந்தியாள் பூவம்மாளுக்குப் பட்டா வந்தது. அதைக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்கு மேலே மாட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டினாள். அக்காளை வரவழைத்து வரவழைத்துக் காட்டினாள்.

"ஊர் மாட்டுக்கெல்லாம் பேசி முடிக்கிற. இருக்குற குடிசையைப் பேசி முடிக்க உனக்கு விரல் இல்லையா?" என்றாள் அம்சம், சோற்றைப் போட்டுக்கொண்டே. சோற்றைவிட அது சூடாயிருந்தது.

என்ன செய்வது? சட்டம் மதகு வரைக்கும் வந்து நின்றது. எதிர்ப்பக்கம் நோர்மார்க். அங்கே உழவன் சட்டம் உண்டா என்றால், பனியில் சறுக்குகிறவர்களுக்கான சட்டம்தான் உண்டாம்.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் இக்கரை மிராசுதார் துரைராசு. இருநூறு ஏக்கர்க்காரர். சீர்காழியில் எல்லா மிராசுதார்களும் நாய்க்கும் பூனைக்கும் நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தபோது, இவர் ஒரு காரியம் செய்தார். பதினைந்து ஏக்கரை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் நோர்மார்க் ராஜாவுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். மறுநாளே அவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அந்நிய ராஜாவின் நிலத்தில் உச்சவரம்பு செல்லாது. நன்றிக்கு ராஜா ஒரு மெடலும், இங்கே தன் பிரதிநிதியாக இருக்கக் கௌரவ கான்சல் பதவியும் அனுப்பினார். எங்கள் தெருவும் மனைகளும் அன்றிலிருந்து அவர் மேற்பார்வை.

விஷயம் பரவியது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க மிராசுதார்களுக்கு நோர்மார்க் ராஜா மேல் பக்தி பொங்கிற்று. ஒவ்வொரு போகத்துக்கும் நோர்மார்க் வளர்ந்தது. ராத்திரி இந்தியாவில் படுத்த பண்ணையாள் காலையில் வெளிநாட்டில் எழுந்தான், பாயைக்கூட நகர்த்தாமல். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அக்னி நட்சத்திரத்தில் கம்பளித் தொப்பி போட்டார்கள். துரைராசுவின் சம்சாரம் மங்களாம்பிகை வியர்க்க வியர்க்க ஸ்வெட்டர் பின்னினார். ராஜா பிறந்தநாளுக்குத் தென்னை மரத்துக்கெல்லாம் பஞ்சு சுற்றிப் பனி என்றார்கள். காக்கை கூடு கட்டிக்கொண்டது.

போன ஐப்பசியில் துரைராசு கோட்டு மேல் மெடலோடு எங்கள் தெருவுக்கு வந்தார். இரண்டு பேர் கயிறு பிடித்து அளந்தார்கள்.

"டேய் மருதையா, அறுப்பு முடிஞ்சதும் தெருவைக் காலி பண்ணிடணும். கான்சல் ஆபீசுக்கு டென்னிஸ் கோர்ட் போடுறோம்."

"'டேய்' போட்டா விலை ஏறுங்க" என்றேன். "நாங்க எங்க போறது?"

"இந்தியாவுக்குப் போங்கடா. பக்கத்துலதானே இருக்கு?"

"இந்தியா திரும்பியே பாக்க மாட்டேங்குதுங்களே."

"அது உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லி, வலைக் கம்பத்துக்கு முளை அடிக்கச் சொன்னார். முளை எங்கள் அடுப்புக்கு இரண்டு முழத்தில் இறங்கியது. அம்சம் அதில் பானை உறியின் கயிற்றைக் கட்டினாள்.

நான் நேராக வட்டாட்சியர் ரெங்கசாமியிடம் போனேன். நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார்.

"மருதையன், உங்க கோரிக்கை நெஞ்சை உருக்குது. ஆவன செய்யப்படும்."

"எப்பங்க?"

"அவங்க கூப்பிட்டதும்."

"இருபத்து நாலு வருஷமா நடக்குறீங்களே, கூப்பிடுற சத்தம் எப்படிக் கேக்கும்?"

"இப்ப திரும்பினா இத்தனை வருஷம் நடந்தது வீணாப் போயிடும் பாருங்க. இந்த நிலையில் திரும்புவது பொதுநலனுக்கு உகந்ததன்று."

எனக்குக் கோபம் வந்தது. மேசையைத் தட்டினேன். "ஐயா, நான் மாட்டுத் தரகன். திரும்பிப் பாக்காம போறதுக்கும் ஒரு தூரம் இருக்கு! சந்தை வாசல் தாண்டுறதுக்குள்ள திரும்பிடணும். வாசலைத் தாண்டிட்டா அது பேரம் இல்ல, வீட்டுக்குப் போறது!"

அவர் யோசித்தார். வாசல் எங்கே இருக்கிறது என்று தெளிவுரை கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை. மார்கழியில் ராஜா பிறந்தநாள் வந்தது. துரைராசு வீட்டு விருந்துக்கு நோர்மார்க் தூதர் வந்தார். அதே பனைமரம், இப்போது தலை வெள்ளை. பஞ்சு சுற்றின தென்னைக்கடியில் தனியாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். போய்க் கும்பிட்டேன்.

"என்னைத் தெரியுதுங்களா? அன்னைக்கு வண்டி ஓட்டினவன்."

"நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் அதிகாரி வேண்டாம் என்று தெளிவாகக் கூறினார். அவருடைய நேர்மையை நான் பல ஆண்டுகள் பாராட்டியிருக்கிறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "அது வேண்டாம் இல்லீங்க! வேணும்கிறதைத்தான் எங்க ஊர்ல அப்படிச் சொல்றது!"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "இப்பொழுது இருப்பவர் புதிய அரசர். அவருக்கு இந்த ஊர் வேண்டாம். இங்கிருந்து நிலம் தானமாக வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பாராளுமன்றத்தில் ஒரு வாரமாகக் குருத்துப்பூச்சியைப் பற்றி விவாதம். நாங்கள் நெல்லைப் பார்த்ததே இல்லை. விலை ஏதும் வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தை முடியும்வரை நான் இங்கே இருப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. எங்கள் அடுப்பும், தெருவும், இந்த ஜில்லாவில் மிராசுதார்கள் ஒளித்த அத்தனை நிலமும் அவர் வாயில் இருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அரசாங்க சமாசாரத்தை வாயால் முடிக்கலாமா? அன்று சாயங்காலமே அவரை உட்காரவைத்து துண்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு விரல் பிடித்தால் இது, இரண்டு பிடித்தால் இது.

"விலை இல்லை என்றால்?"

"எதையும் பிடிக்காதீங்க. கையைச் சும்மா விரிச்சு வைங்க."

"அவர்கள் மீண்டும் வேண்டாம் என்றால்?"

"பதற வேணாம். விக்கிறவர் முதல்ல கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா மதிப்புப் போச்சு. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருங்க, அவங்களே வருவாங்க."

கெட்டிக்கார மாணவர். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மதகு பக்கத்தில் பந்தல். தூதர் பேசத் தயார் என்று நான் வட்டாட்சியரிடம் சொல்லியிருந்ததில், சென்னையிலிருந்து தனி அலுவலர் வந்தார். உங்களைவிடச் சின்னவர், உங்களைவிட விறைப்பு. அரசாங்கம் அழுக்குத் துண்டுக்கடியில் கை விடக்கூடாது என்று பொன்னாடை கொண்டுவந்திருந்தார். தூதர் "தங்கள் வருகை நல்வரவாகுக" என்றதும், என்ன தமிழ் என்ன தமிழ் என்று உருகி அதை அவருக்கே போர்த்திவிட்டார். பிறகு கழற்றி வாங்கிக் கைகள் மேல் போட்டோம். இரண்டு கரையும் கூடி நின்றது. துரைராசு மெடலைத் தடவிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

தனி அலுவலர் உள்ளே தடவினார். மறுபடியும் தடவினார். முகம் சுருங்கிற்று.

"என்னய்யா இது, விரலே குடுக்க மாட்டேங்கிறார்?"

"விரிச்ச கைங்க அது! சும்மா தர்றாருன்னு அர்த்தம்!" என்றேன்.

"சும்மாவா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அதை நான் சந்தையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

"சும்மா தர்றாங்கன்னா உள்ள என்ன ஓட்டையோ" என்றான் இக்கரை ஐயாவு.

"மச்சான், சட்டுன்னு தலையாட்டிப்புடாதீங்க" என்றாள் பூவம்மாள். "கூட ஒரு பாலம் கட்டித்தரச் சொல்லுங்க."

"ஒரு ரைஸ் மில்லு!"

"அந்த டென்னிஸ் வலையை மீன் பிடிக்கக் கொசுறாக் குடுக்கச் சொல்லு" என்றாள் என் அம்சம். அவளுமா என்று பார்த்தேன். அவளும்தான்.

தனி அலுவலர் தொண்டையைச் செருமினார். "இலவசம் என்பது ஆரம்ப விலை. ஆரம்ப விலையை ஏற்பது அரசு மரபன்று." கையை உருவினார். வேப்பங்கொழுந்து முகம். "வேண்டாம்!"

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வட்டாட்சியர் ரெங்கசாமி பின்னால் நடந்தார். ஐயாவு, பூவம்மாள், இக்கரை, அக்கரை, எல்லோரும் மதகைப் பார்த்து நடந்தார்கள். பந்தலில் தூதரும் நானும் மட்டும்.

அவர் சிரித்தார். விரித்த கையை என் பக்கம் நீட்டினார். "நீங்கள் விவரம் தெரிந்தவர். அரசு பெறாவிட்டால் என்ன, உங்களுக்கே தருகிறேன். உங்கள் ஊர் மக்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். வேண்டுமா?"

அந்தக் கையில் என் வீடு இருந்தது, ஐயா. வாயைத் திறந்தேன். ஆயுள் முழுக்க மாடு பேசின வாய். நான் நினைத்து முடிப்பதற்குள் அதுவாகவே சொல்லிவிட்டது:

"வேண்டாம்."

சொன்ன வாயைக் கால் விட்டுக்கொடுக்குமா? நடந்தது. மதகில் போய்க் குனிந்தேன். எனக்கு ஏது பூட்ஸ்? குதிகாலில் இல்லாத முள்ளைப் பிடுங்கினேன்.

மதகு முழுக்க முதுகு. தனி அலுவலர் முதுகு, வட்டாட்சியர் முதுகு, பட்டா வாங்கின முதுகு, வாங்காத முதுகு.

"கூப்பிடுறாரா?" என்று அம்சம் கிசுகிசுத்தாள்.

"திரும்பாதே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் என் குரல்தான் உரக்க.

"கார் சத்தம் கேக்கலையே?"

கேட்கவில்லை. அவர் போகவில்லை. அதுதான் விபரீதம். என் மாணவர், ஐயா. குனிந்த சாக்கில் கால் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன்: நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, கையை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட மாட்டார். விற்கிறவர் முதலில் கூப்பிடக் கூடாது என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?

இன்றுவரை நிற்கிறோம். அறுப்பு நேரமென்பதால் முறை போட்டு நிற்கிறோம். பகலில் அக்கரை, பொழுது சாய்ந்தால் இக்கரை. ஜெக்கரியா மதகில் டீக்கடை போட்டுவிட்டார், வியாபாரம் அமோகம். தனி அலுவலர் நிற்கிற நிலையிலேயே கையெழுத்துப் போடுகிறார், முதுகில் வைத்து எழுத வட்டாட்சியர் குனிந்து கொடுக்கிறார். திரும்பலாமா என்று ஆளுக்கு ஆள் ஆசைதான். ஆனால் முதலில் திரும்புகிறவர் யார்? துரைராசு மட்டும் யாருக்கும் முதுகைக் காட்டாமல் மும்முரமாக வேலை பார்க்கிறார். கம்பம் நட்டாயிற்று. நேற்று வலை கட்டினார். இன்று காலை முதல் பந்து எங்கள் குழம்புச் சட்டியில் விழுந்தது. பந்தைக் கேட்டு வந்தவர்களிடம் அம்சம் விலை சொன்னாள். வேண்டாம் என்று நடந்தார்கள்.

தை முடியப் போகிறது. கப்பல் காத்திருக்காது.

ஆகவே ஐயா, சந்தைச் சட்டம் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முதலில் நடந்தவர்தான் முதலில் திரும்ப வேண்டும். நாங்களெல்லாம் உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள். ரோஜாச் செடியை யாராவது பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ரயிலைப் பிடியுங்கள். ஸ்டேஷனுக்கு வண்டி நானே கொண்டுவருகிறேன்; வண்டிக்காரன் வண்டியைப் பார்க்கிறான், பயப்பட வேண்டாம். மதகில் உங்கள் பழைய இடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம். வந்து நில்லுங்கள். குனியாதீர்கள், கயிற்றைத் தொடாதீர்கள். இருபத்து நாலு வருஷமாக விறைத்துப்போன அந்தக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, விரித்திருக்கிற அந்தக் கையைப் பார்த்து, "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

திரும்புங்கள் ஐயா, சீக்கிரம். அடுப்பில் குழம்பு இருக்கிறது.